ஆறாவது குறிப்பு

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வீட்டிலிருந்த பழைய டூத்பிரஷ்களை எல்லாம் தேடி எடுத்தேன். ஏழு கிடைத்தன. இவர் காப்பி டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனையும் எதுக்கு மங்கை?"

"கல்லறை தேய்க்கறதுக்குங்க."

"நாய்க்கெல்லாம் பல்லு வெளக்கி உடப்போறயாக்கும்னு நெனச்சேன்" என்றார். அதற்குள் மின்வாரிய ஜீப் வந்து ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

இந்த டைரியை டென்சில் சார் கொடுத்தார். அவர் ஹார்ட்லி பங்களா ஓட்டலின் மேனேஜர். அடுத்த சீசனில் யார் இந்த வேலைக்கு வந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளும்படி தினமும் செய்ததை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன ஜூனில் அந்த வேலை போயிற்று. இப்போது விருந்தினர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுதான் என் வேலை. குன்னூருக்கு மேலே இருக்கும் இந்தப் பங்களாவுக்குப் பின்னால், தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே, அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் செல்லப் பிராணிகளைப் புதைத்த இடம் ஒன்று உண்டு. மொத்தம் நாற்பத்தொரு கற்கள். மூன்று பூனை, ஒரு மட்டக்குதிரை, ஒரு கிளி. மற்றதெல்லாம் நாய். அங்கே கோடை விருந்தினர்களுக்கு 'புதையல் வேட்டை நடை' ஒன்று நடத்த வேண்டும். ஆறு குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பும் ஒரு கல்லைக் காட்டும். கடைசிக் கல்லின் அடியில் தோண்டினால் ஒரு தகரப் பெட்டி, அதில் சாக்லேட்.

இன்று பதினொரு கற்களின் பாசியை எடுத்தேன். தோட்ட வேலை செய்யும் தங்கமாயி புல் அறுத்துக்கொண்டே என்னோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

"எங்க மாமியா செத்து ஆறு வருசம். இன்னும் ஒரு கல்லு வெக்க முடியல டீச்சர். இங்க பாருங்க, பூனைக்கு வெச்சிருக்கான். அதும் பேரோட."

தோசை மாவு இன்றும் பொங்கவில்லை. பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

எல்லாக் கற்களும் சுத்தமாகிவிட்டன. குறிப்புகள் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒத்துக்கொள்வதில் என்ன.

புரூனோ என்ற நாயைச் சிறுத்தை அடித்ததாகக் கல்லில் இருக்கிறது. அதற்கு: 'சிறுத்தையிடம் தோற்றவன், கல்லில் நிற்பவன்.' கிளியின் பெயர் கர்னல். அதற்கு: 'ஒரு சிப்பாய் கூட இல்லாத கர்னல்.' டென்சில் சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆறாவதுதான் எனக்கு ரொம்பத் திருப்தி. மேல் மூலையில் மிட்சி என்ற நாயும் அதன் நான்கு குட்டிகளும் ஒரே கல்லில் இருக்கின்றன. அதற்கு எட்டடி தள்ளி, தனியாக, முழங்கால் உயரம் கூட இல்லாத சின்னக் கல். நான்கே ஆங்கில எழுத்து: பி, ஏ, பி, ஏ. கீழே 1931. பப்பா. நாய்க்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் குசும்பு பிடித்தவனாகத்தான் இருக்க வேண்டும். எழுதினேன்: 'மிட்சிக்கு நான்கு குட்டி. குட்டிகளுக்கு ஒரு தகப்பன். அவன் காலடியில் தோண்டு.'

புதையலை அங்கேயே வைக்கலாம் என்பதும் என் யோசனைதான். "வீட்டுச் சொத்தை அப்பாதானே சார் காவல் காக்கணும்" என்றேன்.

"மேடம், நீங்க இத்தனை நாளா ஸ்கூல்ல வேஸ்ட் ஆயிட்டீங்க" என்றார்.

ஏப்ரல் 12, சனி

ஒத்திகை பார்த்தோம். களைக்கொத்தால் பப்பா கல்லுக்கு முன்னால் நானே தோண்டினேன். ஒரு சாண் ஆழம். மண் பொலபொலவென்று வந்தது. பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஒரு தட்டுக் கல், அதன் மேல் புல்.

டென்சில் சார் கோயமுத்தூரிலிருந்து பத்து திசைகாட்டிகள் வாங்கி வந்திருக்கிறார். 'கர்னலிடமிருந்து வடக்கே இருபது எட்டு' என்பது போலக் குறிப்பில் சேர்க்க வேண்டுமாம். ஒவ்வொரு கல்லிலும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே வரிசை, பங்களா வராந்தாவைப் பார்த்தபடி, கிழக்கு முகமாக. பப்பா மட்டும் குறுக்கே கிடக்கிறது. கல் தெற்கே நிற்கிறது, சுற்றிப் பதித்த செங்கல் விளிம்பு வடக்கே நீள்கிறது. விளிம்பின் நீளம் என் கையால் ஒரு முழமும் கொஞ்சமும்.

நட்டவன் அவசரத்தில் நட்டிருப்பான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. வேப்பம்பூ இந்த மலையில் எங்கே கிடைக்கும்? போன வருஷம் காய வைத்ததே கொஞ்சம் இருந்தது.

உடுமலைக்குப் பேசினோம். இவருடைய அண்ணன் வீடு. அண்ணனின் மனைவி ருக்மணி அக்காதான் எடுத்தார். அண்ணனை நான் பெரிய மாமா என்பேன். பெரிய மாமாவுக்கு இரண்டு வருஷமாக ஞாபக மறதி நோய். இப்போது முற்றிக்கொண்டு வருகிறது. அக்கா போனை அவர் காதில் வைத்தார்.

"அண்ணா, நான் தண்டபாணி பேசறனுங்."

"எந்தத் தண்டபாணி? மில்லுக்காரனா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

இவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டு போனை வைத்தார். பிறகு ரொம்ப நேரம் வடையை ஆற வைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16, புதன்

தங்கமாயி மேல் மூலையில் புல் அறுக்க வந்தாள். நான் சீட்டுகளில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

மகளிர் குழுவில் பேங்க் ஃபாரம் நிரப்புவதற்காக அவள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டும் கற்றிருக்கிறாள். பாசி போனதிலிருந்து ஒவ்வொரு கல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். டோபி என்ற நாயின் பெயரைத் தோபி என்றாள், "வண்ணானுக்குமா கல்லு?" என்று கேட்டாள். சிரித்தோம்.

பப்பா கல்லின் முன்னால் குந்தினாள். விரலை எழுத்தின் மேல் வைத்தாள்.

"பி, ஏ... பா. பி, ஏ... பா." நிமிர்ந்தாள். "பாப்பா."

"இல்ல தங்கமாயி. அது பப்பா. அப்பான்னு அர்த்தம்."

"அப்பானு எதுக்கு டீச்சர் எழுதப்போறான்? பாப்பான்னு சரியாத்தானே போட்டிருக்கு?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"இங்கிலீஷ்காரன் அப்படி எழுதுவான். நம்ம பாப்பாவ இங்கிலீஷ்ல எப்பிடி எழுதுவாங்க? எங்க குழுவுல பாப்பாத்தினு ஒருத்தி இருக்கா. இதே நாலு எழுத்து போட்டுத்தான் ஆரம்பிப்பா."

புதிதாகக் கிளறியிருந்த புல்லை அவள் பார்த்துவிட்டாள்.

"இங்கயா தோண்டினீங்க?"

"ஒரு சாண்தான்."

தங்கமாயி எழுந்தாள். இரண்டு எட்டு பின்னால் போய் செருப்பைக் கழற்றினாள்.

"நாய்க்குனா பேரு இருக்கும் டீச்சர். இங்க எல்லாத்துக்கும் இருக்கே. பேரு வெக்கறதுக்கு முந்தியே போறதுதான் பாப்பா. யாரு பெத்ததோ. பங்களால வேல செஞ்சவ எவளாவது இருக்கும். தொரைகிட்ட அழுதிருப்பா."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அந்த மூலையில் பாதிப் புல் அறுபடாமல் நிற்கிறது.

நாற்பத்தொரு கல்லையும் நான் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மிக்சி ஜாருக்கு ரப்பர் வளையம் வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. ஓட்டலுக்குப் போக வேண்டியதில்லை. இவரும் வீட்டில் இருந்தார். கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தார் பூசினார். நான் துணிகளை மடித்தேன்.

கல் தெற்கே நிற்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதியே தெரியும். நம் ஆட்களைத்தான் தெற்கே தலை வைத்துப் புதைப்பார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை பிறந்தது. கோயமுத்தூரில், ஒரு ஆஸ்பத்திரியில். பெண். அது ஒன்பது நாள் இருந்தது. அதன் கையில் கட்டிய சீட்டில் 'பேபி ஆஃப் மங்கையர்க்கரசி' என்று இருந்தது. பெயர் வைப்பது பதினாறாம் நாள் என்று பேசி வைத்திருந்தோம். அதனால் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். பாப்பா பால் குடிச்சுதா. பாப்பா கண்ணத் தொறந்துச்சா. நர்ஸ், ஆயா, என் அம்மா, இவர், எல்லோரும்.

பெரிய மாமா வந்து எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. தாய்க்கு இடம் தெரிந்தால் மனம் அங்கேயே சுற்றும், அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை.

அதைப் பற்றி நான் அதிகம் நினைப்பதில்லை. வேலை இருக்கிறது.

இது வேலைக் குறிப்பு அல்ல. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டென்சில் சாரிடம் சொன்னேன். நேற்றே சொல்ல நினைத்து, நேற்று முழுவதும் ஆபீஸ் பீரோவில் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டினேன். துரையின் மனைவி எழுதிய தோட்டக் கணக்கில் ரோஜாச் செடி இருக்கிறது, நாய்களுக்கு வாங்கிய எலும்பு இருக்கிறது. 1931இல் யாரைப் புதைத்தார்கள் என்று எதிலும் இல்லை.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ப்ரூஃப் ஏதாச்சும் இருக்கா மேடம்?"

"கல் தெற்குத் தலைமாட்டுல நிக்குது சார். மத்ததெல்லாம்..."

"அது ப்ரூஃப் இல்ல. அப்புறம், பாப்பான்னு நாயக் கூப்பிட மாட்டாங்களா? என் தங்கச்சி வீட்டுப் பூனை பேரு பேபி. நாளைக்கு அது செத்தா, நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து இது குழந்தைன்னு அழணுமா?"

நியாயம்தான். அவர் சொல்வதுபோல இருக்கவும் கூடும். நாயாகவே இருக்கலாம்.

"குறிப்ப மட்டும் மாத்திடலாமே சார். பெட்டிய கர்னல்கிட்ட வெச்சிடலாம்."

"சீட்டெல்லாம் பிரிண்ட் ஆயாச்சு. சனிக்கிழமை பதினாலு பேர் புக்கிங். கெஸ்ட் சிரிச்சுட்டே போகணும் மேடம், அவ்வளவுதான் நம்ம வேலை." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உடம்பு ஏதும் சரியில்லையா? டல்லா இருக்கீங்க" என்றார்.

"ஒண்ணுமில்ல சார், மூட்டு வலி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு மூட்டு வலி கிடையாது.

ஏப்ரல் 24, வியாழன்

காட்டெருமைகள் இரவில் வந்து டோபியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கின்றன. சிமெண்ட் குழைத்து நிமிர்த்தி வைத்தோம். தங்கமாயி சட்டி பிடித்தாள். கிளம்பும்போது மட்டும் கேட்டாள்.

"சொன்னீங்களா டீச்சர்?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 26, சனி

முதல் நடை. பதினான்கு பேர். சென்னையிலிருந்து இரண்டு குடும்பம், பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கூட்டம். நல்ல வெயில். புரூனோவிடம் கைதட்டல். கர்னலிடம் ஒருவர் சல்யூட் அடித்தார். எல்லாம் நினைத்தபடி.

ஐந்தாவதை முடித்ததும் ஆறாவது சீட்டைக் கொடுக்க வேண்டும். என் பையில்தான் இருந்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாம். காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, ஆன்ட்டி, எங்க டீமுக்கு முதல்ல" என்றாள். கொடுத்தேன்.

அவள்தான் கண்டுபிடித்தாள். "பப்பா கிடைச்சிட்டார்! பப்பா கிடைச்சிட்டார்!" என்று கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். அவளுடைய அப்பா கல்லின் மேல் உட்கார்ந்து, "நான்தான் ஒரிஜினல் பப்பா, போட்டோ எடு" என்றார். அவள் மண்ணைத் தோண்டினாள். நகக்கண்ணெல்லாம் மண். பெட்டியை வெளியே எடுத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண். நானும் சிரித்தேன்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு குழியை மூடினேன். களைக்கொத்தால் தள்ளினால் போதும். என்னவோ கையால் மூடினேன். ஒரு சாண் குழிக்கு இவ்வளவு மண்ணா என்று இருந்தது. உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டென்சில் சார் ஆள் அனுப்பினார்.

விருந்தினர் புத்தகத்தில் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பாராட்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் இவர் பீன்ஸ் நறுக்கினார். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்குவது அவர் வேலை. எல்லாவற்றையும் ஒரே நீளமாக நறுக்குவார். நான் அடுப்படியில் நின்றபடி, திரும்பாமல் கேட்டேன்.

"எங்க வெச்சீங்க?"

"என்னது? கத்திரிக்கோலா?"

"பாப்பாவ."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை இந்த வீட்டில் நாங்கள் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன்.

கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்கும் சத்தம். இரண்டு மூன்று நறுக்கு. பிறகு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாது மங்கை."

"தெரியாதுன்னா?"

"நான் போகல."

திரும்பிப் பார்த்தேன். அவர் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வேண்டாம்னுட்டாரு. தகப்பன் வரக்கூடாது, நீ மங்கை கூட இருன்னாரு. ஆஸ்பத்திரி வாசலுக்கு அம்பாசிடர் ஒண்ணு கூட்டியாந்தாரு. அவரோட வேட்டிய கிழிச்சு அதுல சுத்தியிருந்தாரு. மடியில வெச்சுட்டு முன் சீட்டுல உக்காந்தாரு. கதவ நான்தான் சாத்துனேன்."

"அதுக்கப்புறம் அவர்கிட்ட கேக்கலையா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"கேட்டா தெரிஞ்சுரும். தெரிஞ்சா, நீ கேக்கறப்ப சொல்லாம இருக்க முடியாது." முகத்தைப் புறங்கையால் துடைத்தார். "நீ கேப்பேனு நெனச்சுட்டே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

நான் கேட்பேன் என்று அவரும், அவர் சொல்வார் என்று நானும்.

நானும் உட்கார்ந்தேன். மிச்சப் பீன்ஸை இரண்டு பேருமாக நறுக்கினோம். என்னுடையது நீளமும் குட்டையுமாக வந்தது. அவர் எல்லாவற்றையும் ஒன்றாகவே சட்டியில் அள்ளிப் போட்டார்.

ஏப்ரல் 30, புதன்

டென்சில் சாரிடம் போய், இனி ஆறாவது குறிப்பு கிடையாது, ஐந்தோடு முடிப்பேன், வேண்டாமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். இந்த வேலையும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவர் விருந்தினர் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்பது பேரில் ஏழு பேர் கிளியைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

"பப்பாவ ஒருத்தர்கூட எழுதல" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "கர்னல்கிட்டயே வெச்சிடுங்க. ஆனா மேடம், எனக்கு இன்னும் அது நாய்தான்."

"இருக்கலாம் சார்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

"நாயா இல்லாம இருந்தா?"

அவர் பேனாவை மூடி பையில் குத்திக்கொண்டார். "சரி, சரி. போங்க. மழைக்கோட்டு எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

பன்னிரண்டு இருக்கின்றன. இரண்டு கிழிந்தவை.

மே 3, சனி

இரண்டாவது நடை. ஐந்து குறிப்பு. பெட்டி கிளியிடம். மழை வந்து பாதியில் எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினார்கள்; பிறகு திரும்பினோம். ஒரு அம்மாளை அட்டை கடித்தது. அந்த அம்மாள் ஊரைக் கூட்டிவிட்டார்.

ஒருவர் மேல் மூலையைக் காட்டி, "அங்க என்ன, தனியா?" என்று கேட்டார்.

"பாப்பான்னு எழுதியிருக்கு. யாருன்னு தெரியல" என்றேன்.

"ஓ, ஸ்வீட்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு மாதம் முன்பு அந்தக் கல்லைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

தங்கமாயி அந்த மூலையில் விட்ட புல்லை அறுத்துவிட்டாள். "டீச்சர், அட்ட கடிச்ச எடத்துல உப்பு வெக்காதீங்க, பொகயில வைங்க" என்றாள். அவள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆயிற்று.

மே 4, ஞாயிறு

இவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் ருக்மணி அக்காவுக்குப் பேசினேன். மாமா எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, எல்லாம் கேட்டேன். பிறகும் போனை வைக்காமல் இருந்தேன். அக்காவே கேட்டார்.

"என்ன கண்ணு, சொல்லு. ஏதோ கேக்கோணும்னுதான கூப்புட்ட."

கேட்டேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாமா எங்கே கொண்டுபோனார், உங்களிடம் ஏதாவது சொன்னாரா.

அந்தப் பக்கம் மாமா யாரையோ அதட்டுவது கேட்டது. டிவியில் செய்தி வாசிப்பவராக இருக்க வேண்டும்.

"எங்கிட்ட சொல்லல மங்கை. சத்தியமா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்தாரு, குழாயடியில குளிச்சாரு, மூணு நாளு சோறு சரியா உங்கல. நானும் கேக்கல. இப்பக் கேட்டா எம்பேரே தெரியல அவருக்கு. நேத்து என்னயப் பாத்து, அம்மிணி நீ ஆரு ஊட்டுப் புள்ளங்கறாரு."

"சரிங்கக்கா. சும்மா கேட்டேன்."

"இரு, வெச்சராத." குரல் மாறியது. "ஒண்ணு சொல்றேன். அது இதுதானான்னு எனக்குத் தெரியாது. மாசாமாசம் கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறமல்ல, கார்ல. திரும்பி வர்றப்ப கோமங்கலம் தாண்டி ஒரு எடத்துல நிறுத்தச் சொல்லுவாரு. ஒண்ணுக்குப் போறாருன்னு நெனப்பேன். போமாட்டாரு. எறங்கி, ரோட்டோரத்துல செருப்பக் கழட்டிட்டு சும்மா நிப்பாரு. ரெண்டு நிமிசம். அப்புறம் வந்து ஏறிக்குவாரு. ஒடம்பு நல்லா இருந்தப்பவும் அப்பிடித்தான், பஸ்ஸுல வந்தாக்கூட நிறுத்தச் சொல்லி கண்டக்டருகிட்ட சண்ட. கேட்டா, காலு மரத்துப்போச்சும்பாரு."

"போகும்போதும் நிறுத்துவாருங்களா?"

"இல்ல கண்ணு. திரும்பி வர்றப்ப மட்டும்தான். இப்ப வாய்ல சொல்ல வர்றதில்ல. அந்த எடம் வந்தா கார் கதவத் தட்டுவாரு. டிரைவருக்கே பழகிப்போச்சு."

கோயமுத்தூரிலிருந்து உடுமலைக்கு. அன்றைக்கு அவர் போனதும் அந்தத் திசைதான்.

அடுத்து எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார். மாமாவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, நானும் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களோடு உடுமலைக்கு வரட்டுமா என்றேன்.

"வா கண்ணு. பின்னால எடம் கெடக்குது" என்றார்.

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் துண்டால் தட்டிவிட்டேன்.

மே 5, திங்கள்

வியாழன் ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறேன். டென்சில் சார், "மூட்டு வலியா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். இவரிடம் பெரிய மாமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் மேட்டுப்பாளையத்தில் கூட்டம் இருக்காது என்றார். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தென்னந்தோப்பாக இருக்கலாம். வீடு கட்டியிருக்கலாம். ரோட்டை அகலப்படுத்தியிருப்பார்கள், தார் போட்டு மேலே லாரி ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை மாமா சொன்னபடி கால்தான் மரத்துப்போகிறதோ என்னவோ. டென்சில் சாரைப்போல யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் இருந்திருந்தால் இந்த வருஷம் கல்லூரியில் இரண்டாவது வருஷம்.

டைரியை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த சீசனுக்கு வேண்டிய குறிப்புகளைத் தனித்தாளில் எழுதி வைத்துவிட்டேன். டைரி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

வியாழக்கிழமைக்குள் இந்த ஒன்றை எழுதி வைத்துக்கொள்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. கோமங்கலம் தாண்டியதும் மாமா கதவைத் தட்டுவார். டிரைவர் நிறுத்துவார். மாமா இறங்குவார். அக்கா வழக்கம்போல உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

நான் இறங்குவேன்.